டெபாசிட் மட்டும் திரும்பி வந்தது: ஏற்காடு தொகுதியில் சுயேச்சையாக மனு கொடுத்த கதை

2021 சட்டமன்றத் தேர்தலில், நான் பிறந்து வளர்ந்த சேர்வராயன் மலையை உள்ளடக்கிய ஏற்காடு தனித் தொகுதியில் சுயேச்சையாகப் போட்டியிட விரும்பி, எட்டு நாட்கள் மலைக்கும் சேலத்துக்குமாக அலைந்தேன். ஒன்பதாம் நாள் பரிசீலனையில் என் மனு தள்ளுபடியானது. வாக்குப்பதிவு இயந்திரத்தில் என் பெயர் வரவில்லை. டெபாசிட்டை இழக்கும் வாய்ப்புகூட எனக்குக் கிடைக்கவில்லை. கட்சிக்காரர்களுக்கு இந்த வேலையையெல்லாம் செய்துகொடுக்க வழக்கறிஞர் அணி இருக்கிறது. என்னைப் போலத் தனியாக இறங்குகிறவர்களுக்கு, எந்த இடத்தில் கால் இடறும் என்று முன்கூட்டிச் சொல்ல யாரும் இல்லை. எனக்கும் அப்போது யாரும் சொல்லவில்லை என்பதால், நடந்ததை நடந்த வரிசையிலேயே, என் தவறுகளையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

போட்டியிட வேண்டும் என்ற எண்ணம் ஒரு பேருந்தால் வந்தது. எங்கள் ஊருக்குக் காலையும் மாலையும் வந்துகொண்டிருந்த ஒரே பேருந்து, 2020 மார்ச் ஊரடங்கில் நின்றது. ஊரடங்கு தளர்ந்து பல மாதங்கள் ஆன பிறகும் அது வரவில்லை. மிளகு மூட்டையைத் தலையில் சுமந்துகொண்டு தார்ச்சாலை வரை நடக்கிறவர்களைப் பார்த்துப் பார்த்து, மனு எழுதி எழுதிக் களைத்துப்போய், 2021 பிப்ரவரி 26 அன்று தேர்தல் தேதி அறிவிக்கப்பட்டபோது, நாமே நின்றால் என்ன என்று தோன்றியது. ஜெயிப்பேன் என்று ஒரு நாளும் நினைக்கவில்லை. ஓட்டுக் கேட்கிற சாக்கில் எல்லா ஊருக்கும் போய் அந்தப் பேருந்தைப் பற்றிப் பேசலாம் என்பதுதான் கணக்கு. வீட்டில் சொன்னதும் என் மனைவி கேட்ட முதல் கேள்வி, "நீங்களும் மேட்டூர் பத்மராஜன் மாதிரி ஆகப் போறீங்களா?" என்பது. 1988 முதல் இருநூறுக்கும் மேற்பட்ட தேர்தல்களில் மனு கொடுத்துத் தோற்றுக்கொண்டே இருக்கும் கே. பத்மராஜனை எங்கள் மாவட்டத்தில் தெரியாதவர் கிடையாது. அன்று அவரை வைத்துச் சிரித்தேன். இத்தனை மனுக்களை ஒரு மனிதர் எப்படித்தான் தயார் செய்தார் என்ற வியப்பு, எட்டு நாட்கள் கழித்துத்தான் எனக்கு வந்தது.

முதலில் பணத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாரும் முதலில் கேட்பது அதைத்தான். சட்டமன்றத் தேர்தலுக்கு வைப்புத்தொகை 10,000 ரூபாய், நாடாளுமன்றத்துக்கு 25,000 ரூபாய். 2010 முதல் இதுதான் அளவு. பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் இதில் பாதி கட்டினால் போதும். அவர்கள் பொதுத் தொகுதியில் நின்றாலும் பாதிதான். பதிவான செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காவிட்டால் அந்தப் பணம் போய்விடும். ஆரம்பத்தில் சட்டமன்றத்துக்கு 250 ரூபாய் மட்டுமே இருந்தது. 1996இல் ஈரோட்டுப் பக்கம் மொடக்குறிச்சியில், விவசாயிகளின் குறைகளைக் கவனிக்க வைப்பதற்காக ஒரே தொகுதியில் 1,033 பேர் போட்டியிட்டதும், வாக்குச்சீட்டைப் புத்தகமாகவே அச்சிட நேர்ந்ததும் எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதே ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டு, தொகை 5,000 ஆனது. அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளர் அல்லாதவர்களைத் தொகுதி வாக்காளர்கள் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும் என்ற விதியும் வந்தது. தொகையை உயர்த்தியதைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள். அந்தப் பத்துப் பேர் விதியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. என்னை வீழ்த்தியது அதுதான்.

நான் மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்தவன். கேரளத்தவர் என்று நினைத்துவிட வேண்டாம். சேர்வராயன், கல்வராயன், பச்சைமலை, கொல்லிமலைப் பகுதிகளில் வாழும் தமிழ் பேசும் மக்களுக்கு அதுதான் பெயர். பழங்குடியினர் பட்டியலில் எங்கள் பெயருக்குப் பக்கத்தில் சேலம், தருமபுரி என்று மாவட்டங்களின் பெயரும் குறிக்கப்பட்டிருக்கிறது. தனித் தொகுதியில் மனு கொடுப்பவர், தாம் எந்தச் சாதி அல்லது பழங்குடி, அது எந்தப் பகுதிக்கு உரியது என்று மனுவிலேயே உறுதி கூற வேண்டும். என்னிடம் கோட்டாட்சியர் கொடுத்த சாதிச் சான்றிதழ் பல ஆண்டுகளுக்கு முன்பே இருந்ததால் தப்பித்தேன். எங்கள் ஊரில் படித்த பிள்ளைகள் பலரிடம் அது இன்னும் இல்லை. தேர்தல் அறிவித்த பிறகு விண்ணப்பித்து, மனுத் தாக்கல் முடிவதற்குள் அந்தச் சான்றிதழ் கைக்கு வந்துவிடும் என்று எண்ணுவது வீண் நம்பிக்கை. போட்டியிடும் எண்ணம் மனத்தின் ஓரத்தில் இருந்தால்கூட முதலில் அதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 12, வெள்ளிக்கிழமை, மனுத் தாக்கல் தொடங்கியது. கடைசி நாள் 19. நேரம் காலை 11 முதல் மாலை 3 வரை. முதல் நாளே போய்ப் படிவத்தை வாங்கிக்கொண்டு வந்தேன். ஒரு வாரம் இருக்கிறதே என்ற தைரியத்தில் அன்று மாலை முழுவதையும் சின்னம் தேர்ந்தெடுப்பதில் செலவிட்டேன். சுயேச்சைகள் மூன்று சின்னங்களை விருப்ப வரிசையில் எழுத வேண்டும்; நானும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் அடுப்படியில் உட்கார்ந்து அந்தப் பட்டியலை வைத்து விவாதம் நடத்தினோம். அந்த ஒரு வாரத்தில் எங்களுக்குக் கிடைத்த ஒரே மகிழ்ச்சியான மாலை அது. அந்த மாலையில் நான் செய்திருக்க வேண்டிய வேலை வேறு. ஒரு வாரம் என்பது உண்மையில் எத்தனை வேலை நாட்கள் என்று காலண்டரைப் பார்த்து எண்ணியிருக்க வேண்டும்.

வேட்பாளர் தம் தேர்தல் செலவுக்கென்று தனி வங்கிக் கணக்கு ஒன்றை, மனு கொடுப்பதற்குக் குறைந்தது ஒரு நாள் முன்பாவது தொடங்கியிருக்க வேண்டும். பழைய சேமிப்புக் கணக்கு செல்லாது. மார்ச் 13 இரண்டாம் சனிக்கிழமை, 14 ஞாயிறு. திங்கட்கிழமை காலை இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிச் சேலத்துக்குப் போனால், வங்கியின் வாசலில் கதவு பூட்டியிருக்கிறது. பொதுத்துறை வங்கிகளைத் தனியார்மயமாக்குவதை எதிர்த்து 15, 16 ஆகிய இரண்டு நாட்களும் நாடு தழுவிய வேலைநிறுத்தம். செய்தித்தாளில் வந்திருக்கும், நான் படிக்கவில்லை. ஆக, நான்கு நாட்கள் போயின. அந்த வாசலில் நின்றபோது வயிற்றைப் பிசைந்தது. இந்தக் கணக்கை அஞ்சலகத்திலும் தொடங்கலாம், கூட்டுறவு வங்கியிலும் தொடங்கலாம் என்பது எனக்கு வெகு பிந்தித்தான் தெரியவந்தது. நான் நின்ற இடத்திலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு அஞ்சலகம் இருந்தது.

கீழே இறங்கியது வீணாக வேண்டாம் என்று அன்றே பிரமாணப் பத்திரத்தைத் தயார் செய்தேன். படிவம் 26 என்பது அதன் பெயர். குற்ற வழக்குகள், சொத்து, கடன், ஐந்து ஆண்டு வருமான விவரம், மனைவியுடையது, நம்மைச் சார்ந்தவர்களுடையது, சமூக ஊடகக் கணக்குகள், அரசுக்குக் கட்ட வேண்டிய பாக்கி, படிப்பு என்று பக்கம் பக்கமாக நீளும். முத்திரைத்தாளில் தட்டச்சு செய்து, நோட்டரியிடம் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்தும் முத்திரையும் வாங்க வேண்டும். ஒரு ஏக்கர் காப்பியும் அதில் ஏற்றிய மிளகுக் கொடியும் தவிர வேறு ஒன்றும் இல்லாதவனுக்கு நிரப்ப என்ன இருக்கிறது என்று நினைத்தேன். இல்லாதவன்தான் அதிகம் எழுத வேண்டும் என்பது அந்தப் படிவத்தின் விசித்திரம். எந்தக் கட்டத்தையும் வெறுமையாக விடக் கூடாது. ஒவ்வொன்றிலும் 'இல்லை' என்றோ 'பொருந்தாது' என்றோ எழுதியாக வேண்டும். வெற்றிடம் விட்ட பிரமாணப் பத்திரத்தை ஏற்க முடியாது என்று 2013இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததிலிருந்து இதில் தளர்வு இல்லை. தட்டச்சு செய்தவர் ஒரு கோடு போட்டுவிட்டுப் போன இரண்டு கட்டங்களை நானும் கவனிக்கவில்லை, நோட்டரியும் கவனிக்கவில்லை. அதற்காகவே பிறகு முழுப் பத்திரத்தையும் மறுபடி அடித்து, மறுபடி முத்திரை வாங்கினேன். இரண்டு முறைக்கும் சேர்த்து 2,900 ரூபாய்.

இன்னொரு தாளும் இருந்தது. எட்டு ஆண்டுகள் சேலத்தில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை பார்த்தபோது என் பெயரை நகரத்து வாக்காளர் பட்டியலுக்கு மாற்றியிருந்தேன். ஊருக்குத் திரும்பிய பிறகு மறுபடி மாற்றவில்லை. தமிழ்நாட்டில் ஏதாவது ஒரு தொகுதியில் வாக்காளராக இருந்தால் சட்டமன்றத்துக்கு எங்கும் போட்டியிடலாம் என்பது உண்மைதான். ஆனால் வேறு தொகுதி வாக்காளர் என்றால், அந்தப் பட்டியலில் தம் பெயர் உள்ள பகுதியின் சான்றளிக்கப்பட்ட நகலை மனுவோடு கொடுக்க வேண்டும். இணையத்தில் இறக்கி ஜெராக்ஸ் எடுத்த தாள் அதற்கு உதவாது. 17ஆம் தேதி புதன்கிழமை, ஒரு பக்கம் வங்கியில் வரிசை, மறு பக்கம் இந்த நகலுக்காகக் காத்திருப்பு என்று பகல் முழுக்கக் கழிந்தது. இரண்டும் முடிந்து, கடைசிப் பேருந்தைத் தவறவிட்டு, ஒரு சரக்கு வண்டியில் ஏறி மலைக்கு வந்து சேர்ந்தபோது இரவு பத்தரை.

நான் சேலத்தில் இப்படிக் கிடந்த மூன்று நாட்களில், முன்மொழிகிறவர்களின் கையெழுத்தை வாங்கும் பொறுப்பை என் அக்கா மகனிடம் கொடுத்திருந்தேன். இதுதான் நான் செய்த பெரிய பிழை, அப்போது அது பிழையாகவே தெரியவில்லை. ஏற்காடு தொகுதி என்றால் மலை மட்டும் இல்லை; வாழப்பாடி, அயோத்தியாப்பட்டணம் பக்கத்துச் சமவெளி ஊர்களும் அதில் சேரும். கீழ்நாட்டு ஆட்களும் முன்மொழிந்தால் மதிப்பாக இருக்கும் என்று மலையில் ஏழு, சமவெளியில் மூன்று என்று பிரித்துப் பட்டியல் போட்டுக் கொடுத்திருந்தேன். பையன் தன் பைக்கில் ஊர் ஊராகப் போய்ப் பத்து வரிகளையும் நிரப்பிக்கொண்டு வந்தான். ஒவ்வொருவருக்கும் பட்டியலின் பாகம் எண், வரிசை எண், பெயர், கையெழுத்து, தேதி இருக்க வேண்டும். வாக்காளர் அடையாள அட்டையை மட்டும் பார்த்து ஆளைச் சேர்க்காதீர்கள். கல்யாணமாகிப் போன பெண்கள், பிழைக்கப் போனவர்கள் கையில் பழைய அட்டை இருக்கும், பெயர் வேறு தொகுதிப் பட்டியலுக்கு மாறியிருக்கும். இந்த அளவுக்கு நான் எச்சரிக்கையாக இருந்தேன். புதிதாக அச்சிட்ட பட்டியலை வைத்தே பத்து எண்களையும் சரிபார்த்தேன். எண்களைச் சரிபார்த்தேனே தவிர, கையெழுத்துகளை யார் போட்டது என்று கேட்கவில்லை.

18ஆம் தேதி வியாழக்கிழமை மனுவோடு போனேன். அங்கிருந்த ஒரு அலுவலர் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பிரமாணப் பத்திரத்தில் இருந்த இரண்டு கோடுகளையும் காட்டினார். பிறகு முன்மொழிபவர் பக்கத்தில் இரண்டு இடங்களில் இருந்த கைநாட்டின் மேல் பேனாவை வைத்து, "இதை எங்கே வெச்சாங்க?" என்று கேட்டார். ஊரில் என்றேன். எழுதத் தெரியாதவர்கள் வைக்கும் கைரேகை, தேர்தல் நடத்தும் அலுவலர் முன்போ, அதற்கென அதிகாரம் பெற்ற அலுவலர் முன்போ வைக்கப்பட்டு, அவர் அதற்குச் சான்று எழுத வேண்டும் என்று விளக்கினார். கோபமாகச் சொல்லவில்லை, நாளைக்குள் சரிசெய்து கொடுத்தால் நல்லது என்று பொறுமையாகவே சொன்னார். எனக்குத்தான் ஆத்திரம் வந்தது. கையெழுத்துப் போடத் தெரிந்தவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடியே முன்மொழியலாம்; தெரியாதவர் மட்டும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அலுவலகம் வரை வர வேண்டும். எங்கள் மலையில் அறுபது வயதைத் தாண்டியவர்களில் கைநாட்டு வைப்பவர்கள் நிறைய. ஆள்மாறாட்டத்தைத் தடுக்கத்தான் அந்த விதி என்பது அறிவுக்குப் புரிகிறது. அதன் சுமை யார் தலையில் இறங்குகிறது என்பதும் கண்ணுக்குத் தெரிகிறது.

மறுநாள் கடைசி நாள். விடியற்காலையில் 2,800 ரூபாய்க்கு ஒரு ஜீப்பை அமர்த்தி, கைநாட்டு வைத்த பெரியவரையும் இன்னொரு பாட்டியையும் அழைத்துக்கொண்டு கிளம்பினேன். பாட்டிக்கு வளைவுகளில் தலை சுற்றி வாந்தி வந்தது. இரண்டு முறை வண்டியை நிறுத்தினோம். வழியில் பறக்கும் படையினர் ஜீப்பை மறித்துப் பையைத் திறந்து பார்த்தார்கள். டெபாசிட்டுக்கான ஐயாயிரம் ரூபாயும் எலுமிச்சம்பழமும்தான் இருந்தன. பணத்தை ரொக்கமாகத் தேர்தல் நடத்தும் அலுவலரிடமே கட்டலாம், அரசுக் கருவூலத்தில் கட்டிச் சலானையும் இணைக்கலாம். அந்த ஆண்டில் இணையவழியில் கட்டும் வசதியும் வந்திருந்தது. காசோலை மட்டும் செல்லாது. கொரோனா காரணமாக வேட்பாளரோடு இரண்டு பேருக்குத்தான் அனுமதி. பெரியவரும் பாட்டியும் உள்ளே வந்து மறுபடி ரேகை வைத்தார்கள், அலுவலர் பக்கத்தில் சான்று எழுதினார். பாட்டி தன் கட்டைவிரலில் ஒட்டிய மையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே, "இவ்வளவுதானா கண்ணு? இதுக்கா இத்தனை தூரம்?" என்று கேட்டது. மணி இரண்டு ஐம்பதுக்கு மனுவை வாங்கிக்கொண்டு ரசீதும் சரிபார்ப்புப் பட்டியலும் கொடுத்தார்கள். அங்கேயே நின்று அரசியலமைப்பின் மீதான உறுதிமொழியும் எடுத்தேன். அது மனு கொடுத்த பின்னும், பரிசீலனை நாளுக்கு முன்னும் எடுக்கப்பட வேண்டும். கடைசி நாளில் மனு கொடுக்கிறவர் அன்றே எடுக்காமல் வீட்டுக்குப் போனால் அத்தோடு முடிந்தது.

20ஆம் தேதி சனிக்கிழமை காலை 11 மணிக்குப் பரிசீலனை. வேட்பாளர், அவருடைய முகவர், முன்மொழிந்தவர்களில் ஒருவர், எழுத்து மூலம் அனுமதி பெற்ற இன்னொருவர் ஆகியோர் உடனிருக்கலாம். நான் தனியாகவே போனேன், எல்லாம் முடிந்துவிட்டது என்ற நிம்மதியில். என் மனு எடுக்கப்பட்டபோது, வேறொரு வேட்பாளரின் சார்பில் வந்திருந்தவர் எழுந்தார். எங்கள் பக்கத்து ஊர்க்காரர்தான். முன்மொழிந்தவர்களில் ஏழாவதாக இருக்கும் அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, நூறு நாள் வேலைப் பதிவேட்டில்கூடக் கைரேகைதான் வைப்பார், இங்கே அழகாகக் கையெழுத்து இருக்கிறதே என்றார். தேர்தல் நடத்தும் அலுவலர் என்னைப் பார்த்தார். நான் அந்த ஏழாவது வரியைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் கையெழுத்து, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, கொம்பும் சுழியும் பிசகாமல். அவ்வளவு திருத்தமாக இருந்ததால்தான் அதுவரை யாருக்கும் ஐயம் வரவில்லை.

அனுமதி பெற்று வெளியே வந்து அந்த வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினேன். பேத்திதான் எடுத்தாள், பத்தாம் வகுப்புப் படிக்கிறாள். "ஆமாண்ணா, ஆயா காட்டுக்குப் போயிருந்துச்சு. உங்களுக்குன்னா ஆயா போடாமலா இருக்கும், அதான் நானே போட்டுட்டேன். ஏன்ணா, தப்பா?" என்றாள். அந்தப் பிள்ளையிடம் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒன்றும் இல்லை, படி என்று சொல்லிவிட்டு உள்ளே போய், நடந்ததை அப்படியே சொன்னேன். பத்து என்பது ஒன்பது ஆனது, மனு தள்ளுபடி. அலுவலர் காரணத்தை எழுதிப் படித்துக்காட்டியபோது, 2017 டிசம்பரில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் நடிகர் விஷாலின் மனு, முன்மொழிந்தவர்களில் இருவர் அது தங்கள் கையெழுத்தே இல்லை என்று சொன்னதால் தள்ளுபடியானது நினைவுக்கு வந்தது. அன்று அந்தச் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்து, பத்துக் கையெழுத்தைக்கூட ஒழுங்காக வாங்கத் தெரியவில்லையே என்று கேலி பேசியவர்களில் நானும் ஒருவன்.

பிறகு சேலம் நீதிமன்றத்தில் இருக்கும் ஒரு வழக்கறிஞரிடம் போனேன். மனு மீது ஆட்சேபணை வந்தால், அதை மறுத்துரைக்க அதிகபட்சம் இரண்டு நாள் அவகாசம் கேட்க வேட்பாளருக்குச் சட்டம் இடம் தருகிறது என்று அவர் சொல்லித்தான் தெரியும். என் விஷயத்தில் மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் பொய்யான ஆட்சேபணையைச் சந்திக்கிறவர்கள் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். இப்போதே வழக்குப் போட்டால் என்ன என்று கேட்டதற்கு, அவர் சிரித்துக்கொண்டே, அதற்கு நம் ஊர்க்காரர் ஒருவரே வழி அடைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்றார். முதல் பொதுத்தேர்தலின்போது, அன்றைய சேலம் மாவட்டத்தில் இருந்த நாமக்கல் தொகுதியில் என்.பி. பொன்னுசாமி என்பவரின் மனு தள்ளுபடியானது. அவர் தொடுத்த வழக்கில்தான் 1952 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தேர்தல் நடவடிக்கை தொடங்கிவிட்டால் இடையில் நீதிமன்றங்கள் குறுக்கிட முடியாது, எல்லாம் முடிந்த பிறகு தேர்தல் வழக்காகத்தான் வர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இன்றுவரை அந்தத் தீர்ப்புதான் வழிகாட்டி. முடிவு வெளியான 45 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். பேருந்துக்காக நிற்க நினைத்தவன் சென்னைக்கு எத்தனை முறை போய்வர முடியும்?

அதே வழக்கறிஞர் இன்னொன்றும் சொன்னார், இதைத்தான் எல்லாவற்றுக்கும் மேலாகக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு வேட்பாளர் ஒரே தொகுதியில் நான்கு மனுக்கள் வரை கொடுக்கலாம். டெபாசிட் ஒரு முறை கட்டினால் நான்குக்கும் போதும். வேறு பத்துப் பேரை வைத்து இரண்டாவது மனு ஒன்று கொடுத்திருந்தால், முதல் மனு விழுந்தாலும் நான் நின்றிருப்பேன். கட்சி வேட்பாளர்கள் இரண்டு மூன்று மனுக்கள் கொடுப்பதைச் செய்தியில் பார்த்தபோதெல்லாம் நல்ல நேரம், ராசி என்று ஏதோ காரணம் இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஆகவே, பத்துப் பேர் போதும் என்று இருக்காமல் இருபது பேரையாவது தேடுங்கள். கையெழுத்துப் போடத் தெரிந்தவர்களாகப் பாருங்கள், கைநாட்டு வைப்பவர்கள் இருந்தால் அவர்களை அழைத்துவரும் நாளையும் வண்டியையும் முதலிலேயே முடிவு செய்யுங்கள். படிவத்தை யார் கையிலும் கொடுத்தனுப்பாமல், நீங்களே போய், அவர் உங்கள் கண் முன்னால் போடுவதைப் பாருங்கள். ஒவ்வொருவருக்கும் அவர் எதில் கையெழுத்துப் போடுகிறார் என்று சொல்லிவிடுவதும் நல்லது. நான் அனுப்பிய பையன் "மாமாவுக்கு ஒரு கையெழுத்து" என்று மட்டும் சொல்லியிருக்கிறான்.

செலவுக் கணக்கை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். நோட்டரியும் தட்டச்சும் 2,900, ஜீப் 2,800, எட்டு நாள் சாப்பாடும் தேநீரும் 1,400, பைக்குக்குப் பெட்ரோல் 1,150, புகைப்படம், ஜெராக்ஸ், பட்டியல் நகல் எல்லாம் சேர்த்து 870. ஆக 9,120 ரூபாய். அந்தத் தேர்தலில் ஒரு சட்டமன்ற வேட்பாளர் 30,80,000 ரூபாய் வரை செலவு செய்யலாம் என்று உச்சவரம்பு இருந்தது. நான் அந்தக் கணக்குக்குள்ளேயே நுழையவில்லை. மனு தள்ளுபடியானால் டெபாசிட் திரும்பக் கிடைக்கும் என்பதால், ரசீதோடு விண்ணப்பித்துச் சில வாரங்களில் ஐயாயிரமும் வந்துவிட்டது. எல்லாரும் பயமுறுத்தும் தொகைதான் முழுதாகத் திரும்பி வந்தது. கணக்கில் வராத தொகையெல்லாம் போனது போனதுதான். மிளகு பறிக்கும் பருவத்தில் எட்டு நாட்கள் தோட்டத்தில் ஆள் இல்லாததால் பழுத்துக் கொட்டியது எவ்வளவு என்று நிறுத்துப் பார்க்கவில்லை. ஜீப்பில் வந்த இரண்டு பேரும் அன்றைய கூலியை இழந்தார்கள். அதை ஈடுசெய்யப் பணம் கொடுத்தால் வேறு பொருள் ஆகிவிடுமே என்று கொடுக்கவும் இல்லை. அது இன்றும் உறுத்துகிறது.

இரண்டு நாள் கழித்து அந்தப் பேத்தியின் வீட்டுக்குப் போனேன். செய்தி எப்படியோ தெரிந்து, அவள் உள்ளறையை விட்டு வெளியே வரவில்லை. ஆயா மட்டும் திண்ணையில் உட்கார்ந்து, காயப்போட்ட மிளகைக் காலால் தள்ளிவிட்டுக்கொண்டே, அடுத்த முறை என்னையும் ஜீப்பில் கூட்டிக்கொண்டு போ என்றது.

ஏப்ரல் 6 அன்று வாக்குப்பதிவு. என் பெயர் நகரத்துப் பட்டியலில் இருந்ததால் சேலத்துக்கு இறங்கி, முன்பு குடியிருந்த தெருவின் பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்று, ஏற்காடு தொகுதியோடு எந்தத் தொடர்பும் இல்லாத வேட்பாளர்களுக்கிடையே ஒருவருக்கு ஓட்டுப் போட்டேன். மனு ஏற்கப்பட்டிருந்தாலும் எனக்கு நானே ஓட்டுப் போட்டிருக்க முடியாது என்பது அந்த வரிசையில் நிற்கும்போதுதான் உறைத்தது. தேர்தல் முடிந்ததும் செய்த முதல் வேலை, பெயரை மலைக்கே மாற்றக் கோரி விண்ணப்பம் கொடுத்ததுதான்.